பதில் வந்தால் நிறுத்துவோம்

அக்டோபர் 8, 1974

திருமதி வெர்னா ஹால்வர்சன் அவர்களுக்கு,
ஃபென்விக் தொலைக்காட்சி நிலையம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியும். மாலைச் செய்தி முடிந்து நீங்கள் ‘சேதி நேரம்’ வாசிக்க வந்ததும் நாங்கள் எச்சில் தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து கேட்போம். தொலைபேசி இல்லாத மரம்வெட்டும் முகாம்களுக்கும் ஆற்றோர வீடுகளுக்கும் நீங்கள்தானே தபால்காரர்.

நேற்றும் இன்றும் ஒரு சேதி வாசித்தீர்கள். “டோரீனுக்கு. அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசம். எங்கே இருந்தாலும் வீட்டுக்குப் பேசவும். ராஸ்.”

அந்த டோரீன் நான். என் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவள் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் என் கணவன் ராஸும் ஒருவன். ஆகவே அது அம்மாவைப் பற்றிய சேதி இல்லை. தான் சொல்லும் பொய்யை இந்த வடக்குப் பகுதி முழுவதும் நம்பும் என்று எனக்குக் காட்டுகிறான்.

ஜூன் மாதம் அவனைவிட்டு வந்தேன். காரணம் எழுதப்போவதில்லை. என் இடது முழங்கை இப்போது முழுதாக மடங்காது, அது போதும். அந்தச் சேதியை இனிமேல் வாசிக்காதீர்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

பதில் எழுதினால், லாங்டன் ஊர்த் தபால் பெட்டிக்கு ‘திருமதி ஹில்’ என்று எழுதுங்கள். நான் இருப்பது லாங்டனில் இல்லை. மளிகை லாரி ஓட்டும் லூயி அங்கே போகும்போது எடுத்துவருவார். என் கடிதத்தையும் அவர் அங்கேதான் தபாலில் போடுவார். முத்திரையைப் பார்த்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

டோ.


அக்டோபர் 11

அன்புள்ள திருமதி ஹில்,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. இன்றிலிருந்து அந்தச் சேதி வாசிக்கப்படாது.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடங்களாக ‘சேதி நேரம்’ நான் வாசிக்கிறேன். யாருடைய சேதியையும் நாங்கள் சோதிப்பதில்லை. குழந்தை பிறந்தது என்று ஒருவர் எழுதித் தருவார், பிறந்துதான் இருக்கும். போன வாரம், மூன்றாவது முகாமில் இருக்கும் கஸ் என்பவருக்கு, அவருடைய பல் செட் நடன மண்டபத்தில் கிடைத்தது, விமானத்தில் அனுப்பியிருக்கிறோம் என்று வாசித்தேன். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. இப்படி நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. இந்த நிலையம் ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். அப்போது நிகழ்ச்சிச் சுருள்கள் தெற்கிலிருந்து பேருந்தில் வரும், கிறிஸ்துமஸ் பாட்டு எங்களுக்கு ஜனவரியில் கேட்கும். சேதிகள் மட்டும்தான் அன்றன்றைக்கு வந்தவை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டின்போது படித்தேன், பாதி ரொட்டியை வைத்துவிட்டேன். உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். இனி நிம்மதியாக இருங்கள்.

மரியாதையுடன்,
வெர்னா ஹால்வர்சன்


அக்டோபர் 14

திருமதி ஹால்வர்சன்,

இன்னும் உங்கள் பதில் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் அதை வாசிக்கவில்லை என்று பார்த்தேன். நன்றாக மூச்சு விட்டேன். ஒரு நிமிடம்தான்.

நான் ஒரு கடையின் மாடியில் தங்கியிருக்கிறேன். கடை மேபலுடையது. அவள் கடைக்குப் பழப் ‘பை’ பலகாரம் சுட்டுக் கொடுக்கிறேன். அவளும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் “நல்ல இரவாக அமையட்டும்” என்று சொல்லித் தாள்களை அடுக்கியதும், அவள் திரும்பாமலே சொன்னாள்: “அப்போ அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

என்ன என்று கேட்டேன்.

“பதில் வந்தா நிறுத்துவோம்னு இவங்கதான வருஷக்கணக்கா சொல்றாங்க. பதில் வரலைன்னா ரெண்டு வாரம் வாசிப்பாங்க. அஞ்சாம் நாள் நிறுத்திட்டாங்க. நீ கேட்டுட்டேன்னு அர்த்தம். இவங்க டிவி கோபுரம் எட்டுற இடத்துலதான் நீ இருக்கேன்னு அர்த்தம்.”

இதுவரை நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் துளியும் தெரியாது. நாட்டின் மறுகோடியில்கூட இருந்திருக்கலாம். இப்போது தெரியும். அவனிடம் அதைச் சொன்னது நீங்கள். நானும்தான், உங்களுக்கு எழுதியதால்.

கோபப்படவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான். கடைக்கு வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் மாவுப் பலகையைப் பிடித்துக்கொள்கிறேன்.

டோ.


அக்டோபர் 18

அன்புள்ள டோரீன்,

‘திருமதி ஹில்’ என்று எழுத இன்று கை வரவில்லை. உறையில் மட்டும் அந்தப் பெயரே இருக்கும். கடிதத்தை நிலையத்தின் தபால் பையில் நூறு உறைகளோடு சேர்த்துப் போடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

அவர் இங்கே வந்தார்.

உங்கள் பதினான்காம் தேதிக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். வரவேற்பறையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றார்கள். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். நான் மனதில் வரைந்திருந்த ஆள் இல்லை. சுத்தமாகச் சவரம் செய்த முகம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எனக்காகப் புகைபோட்ட மீன் கொண்டுவந்திருந்தார்.

“ரொம்ப நன்றி மேடம். அவளுக்குச் சேதி போய்ச் சேந்துருச்சு இல்ல?”

இடமில்லாதபோது சில சேதிகளை எடுத்துவிடுவோம் என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

“பதினோரு வருஷமா பாக்கறேன் மேடம். நீங்க அப்படி எடுத்ததே இல்லையே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் க்ளைவ் பெண்டன் உள்ளே வந்தார். நல்ல மனிதர். நிலையத்தின் கதையைச் சொல்லாமல் எந்த விருந்தாளியையும் வெளியே விடமாட்டார். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. மலைமேல் எங்கள் கோபுரம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறிய பல்பு. மொத்தம் ஆறு. ஒவ்வொரு பள்ளத்தாக்கு மக்களும் நடனம் வைத்து, கேக் விற்று, பணம் சேர்த்து அந்தந்தக் கோபுரத்தை எழுப்பிய கதையை க்ளைவ் சொன்னார். உங்கள் கணவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, போன வாரம் எல்லாக் கோபுரமும் ஒழுங்காக வேலை செய்ததா என்று சாதாரணமாகக் கேட்டார். க்ளைவ் ஒளிவுமறைவில்லாமல், பனி உறைந்து இரண்டு கோபுரங்கள் வாரம் முழுவதும் நின்றுபோனதைச் சொல்லி, எந்த இரண்டு என்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

ஆறில் இரண்டு போனால் நான்கு. நீங்கள் சேதி கேட்டது அந்த நான்கில் ஒன்றின் வழியாகத்தான். அவர் அதைக் கணக்கிட்டதை நான் பார்த்தேன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். க்ளைவின் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். விருந்தாளி முன்னால் மேலாளரைத் தடுப்பது அழகில்லை என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறேன், அதுதான் என்னை அசையவிடவில்லை. அவர் தன் பச்சைப் பிக்-அப்பில் ஏறிப் போனபிறகு எல்லாவற்றையும் க்ளைவிடம் சொன்னேன். ‘திருமதி ஹில்’ என்ற பெயரையும் லாங்டன் தபால் பெட்டியையும் தவிர நான் மறைக்க என்ன இருக்கிறது? அவர் முகம் வெளுத்தது. போலீஸுக்குப் பேசினோம். கணவன் தன் மனைவிக்குச் சேதி அனுப்புவது குற்றமில்லையே என்றார்கள்.

மீனைக் குப்பையில் போட்டேன். கையில் அதன் வாசனை இன்னும் இருக்கிறது.

வெர்னா


அக்டோபர் 23

வெர்னா,

அவன் சவரம் செய்துகொண்டு வந்தான் என்றால் நிதானமாக இருக்கிறான். குடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

எங்கள் கோபுரம் அந்த நான்கில் ஒன்றா என்று எழுதமாட்டேன்.

மேபல் சொல்கிறாள், அந்தக் கோபுரத்தின் இரும்பை மேலே ஏற்றக் குதிரை கட்டியதில் அவள் அப்பாவும் உண்டாம். “ஹாக்கி பாக்கலாம்னு ஏத்தினாங்க. இப்ப பாரு, எதெல்லாம் அது வழியா எறங்கி வருது.”

வேறு எங்காவது போய்விடலாமா என்று யோசித்தேன். போகவேண்டுமென்றால் சாலைக்கு வரவேண்டும். சாலையில்தான் அவன் இருக்கிறான்.

டோரீன்


அக்டோபர் 25

அன்புள்ள டோரீன்,

அவசரமாக எழுதுகிறேன், ஆனாலும் இது உங்களிடம் வருவதற்குள் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவரிடமிருந்து இன்னொரு சேதி வந்திருக்கிறது. இன்று மாலையிலிருந்து வாசிக்க வேண்டும்.

“டோரீனுக்கு. பட்டன் எதுவும் சாப்பிடுவதில்லை. அடுத்த சனிக்கிழமைவரை பார்ப்பேன். அதற்குமேல் துன்பப்பட விடமாட்டேன். ராஸ்.”

பட்டன் உங்கள் நாய் என்று நினைக்கிறேன்.

வாசிக்கமாட்டேன் என்று க்ளைவிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினோம். “வெர்னா, ஒரு சேதிய வேண்டாம்னு சொன்னா அது நல்லதா கெட்டதான்னு நாம தீர்ப்பு சொல்ற மாதிரி. நாளைக்கு அந்த முகாம்ல இருக்கறவன் நம்மள நம்புவானா? நாம எந்தச் சேதியையும் மறுத்ததில்ல” என்றார். அதோடு, இதை வாசிக்காவிட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும் என்றார். அது சரிதான். முன்பு நிறுத்தியதில்தானே தவறினேன்.

ஆகவே வாசிப்பேன். இரண்டு வாரமும் வாசிப்பேன், ‘இன்னும் பதில் இல்லை’ என்று ஒவ்வொரு நாளும் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் எதைக் கேட்டாலும் யாருக்கும் பேசாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வெர்னா


நவம்பர் 3

வெர்னா,

நன்றாக வாசித்தீர்கள். ‘துன்பப்பட’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கினீர்கள், நாய் வளர்த்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு அடைத்திருக்கும். கடையில் ஒருவர், “யாரு அந்த டோரீன், கல்நெஞ்சுக்காரி, ஒரு வார்த்தை பேசினா என்ன” என்று என்னிடமே சொல்லிவிட்டு, நான் சுட்டுக் கட்டிக்கொடுத்த பலகாரத்தை வாங்கிப்போனார்.

வியாழக்கிழமை நான் கடைத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். அவன் எண்ணில் பாதி சுழற்றியிருப்பேன். மேபல் வந்து அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை, அவர்களே காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள்.

நேற்று சனிக்கிழமை. பட்டன் குட்டியாக இருந்தபோது நான்தான் அதை ஒரு சட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜூன் மாதம் லூயியின் லாரியில் ஏறியபோது அது பின்னாலேயே ஓடிவந்தது. ஏற்றிக்கொள்ள நேரமில்லை. இருந்தது. குரைத்துவிடுமோ என்று பயந்தேன்.

அவன் சுட்டானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் நீங்கள் நாளைக்கும் அதை வாசிப்பீர்கள்.

டோரீன்


நவம்பர் 7

அன்புள்ள டோரீன்,

நீங்கள் திங்கட்கிழமை மாலை பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தில் புதிதாக ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதி அனுப்ப வேண்டும்.

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் அப்போது இன்னும் வரவில்லை. வந்தது அவருடைய மூன்றாவது சேதி. “டோரீனுக்கு. இரண்டு வீட்டைப் பார்த்துவிட்டேன், பழுதில்லை. இன்னும் இரண்டுதான் பாக்கி. சீக்கிரம் சந்திப்போம். ராஸ்.” தச்சர் ஒருவர் மனைவிக்கு எழுதியதுபோல இருந்தது. க்ளைவ்கூட மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைத்தார். நான் வரவேற்பறைக்குப் போய் அந்த நான்கு பல்புகளுக்கு முன்னால் நின்றேன். பார்த்தது இரண்டு, பாக்கி இரண்டு. இதைக் கேட்க உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. விவாகரத்து ஆனவள், தனியாக வாழ்கிறேன். கல்லூரியில் இலக்கியம் படித்தேன். சொல்லுக்கும் சொல்பவருக்கும் உள்ள உறவைப் பற்றி அங்கே நீளமாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் நான்கு வாரமாக ஒருவன் என் வாயால் உங்களை மிரட்டிக்கொண்டிருந்தான். நான் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பல் செட்டுக்காரர் கஸ் நன்றி சொல்லி அனுப்பிய சேதியை வாசித்தேன். அடுத்தது உங்களுடையது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: “ராஸ் கெட்லர் என்பவர் தன் மனைவியைத் தேடுகிறார். அந்த அம்மாள் கிடைக்க விரும்பவில்லை. அவர் பச்சை நிறப் பிக்-அப் ஓட்டுகிறார், பின்புறத்தில் பலகையால் செய்த கூரை. அவரை எங்கே பார்த்தாலும் எங்களுக்குச் சேதி அனுப்புங்கள். வாசிக்கிறோம்.”

பிறகு வானிலைக்குப் போனோம்.

க்ளைவ் படியில் காத்திருந்தார். கத்தவில்லை. “வீட்டுக்குப் போ வெர்னா. நான் கூப்பிடறவரைக்கும் வராதே” என்றார். அவர் பின்னால் எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன.

நான் உங்களுக்கு நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று தெரியவில்லை. அவருடைய கோபம் இனி எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உங்கள் கடிதம் மறுநாள்தான் கையில் கிடைத்தது. பட்டனைப் பற்றிப் படித்தேன்.

வெர்னா


நவம்பர் 14

வெர்னா,

உங்கள் மேலாளருக்குச் சேதி வாசிக்கவே வரவில்லை. கண்ணாடி மூக்கில் இறங்குகிறது, பெயர்களை விழுங்குகிறார். ஆனால் ஒன்றைக்கூட விடுவதில்லை. எந்தச் சேதியையும் மறுத்ததில்லை என்று சொன்னாரே, நிஜமாகவே மறுக்கவில்லை.

“டோரீனுக்கு. பச்சைப் பிக்-அப் இன்று மில்லர் வளைவில் பெட்ரோல் போட்டது. தெற்கே போகிறது. இரண்டாவது முகாமின் சமையல்காரி.” “டோரீனுக்கு. பார்த்தோம். எங்கள் ஊர் உணவகத்தில் சூப் குடித்தான். யாரும் அவனோடு பேசவில்லை.” தினமும் நாலைந்து. என் பெயரை முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள். ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சேதியும் அவன் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டான் என்றும் சொல்கிறது. கேட்காமலும் இருக்கமுடியவில்லை, கேட்டுவிட்டுத் தூங்கவும் முடியவில்லை.

ஒருவர் எழுதியிருந்தார்: “முன் இருக்கையில் பழுப்பு நாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, நன்றாக இருக்கிறது.” மேபல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் இங்கே வந்தான். எங்கள் ஊருக்குள் இல்லை, எங்கள் ஊரின் விளிம்புவரை. எப்படித் தடுத்தார்கள் என்று எழுதினால் எந்த ஊர் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். ஒரு மதியம் முழுவதும் அவனை உட்காரவைத்தார்கள். மரம்வெட்டிகள் இரண்டு பேர் அவன் வண்டியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ரொட்டி தின்றார்களாம். இருட்டத் தொடங்கியதும் திரும்பிப் போனான். நான் மாடியில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன். மேபல் வந்து சொன்ன பிறகும் எழ முடியவில்லை.

நாங்களும் மற்றவர்களைப்போலவே நிலையத்துக்குச் சேதி சொல்லிவிட்டோம். எல்லா ஊரும் பேசும்போது நாங்கள் மட்டும் வாயை மூடியிருந்தால் அவன் அதையும் கணக்கில் எடுப்பான் என்றாள் மேபல்.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் தாளைக் கவிழ்த்ததைப் பார்த்தேன். நாய் விஷயத்தில் உங்களைக் குத்தி எழுதினேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டோரீன்


நவம்பர் 20

அன்புள்ள டோரீன்,

நான்கு நாட்களாக ‘சேதி நேர’த்தில் பச்சைப் பிக்-அப்பைப் பற்றி ஒரு சேதியும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்கே போனது என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். அது என் வீட்டுக்கு எதிரே நிற்கிறது.

ஞாயிறு காலை திரையை விலக்கினேன், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவர் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கினார். பக்கத்தில் பட்டன். அது கண்ணாடியில் மூக்கை வைத்து என் வீட்டையே பார்க்கிறது. அதற்கு என்ன தெரியும் பாவம்.

போலீஸிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். வண்டி ஜன்னல் வழியாக உங்கள் கணவரோடு பேசினார், இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் வந்து, பொதுத் தெருவில் வண்டி நிறுத்துவது குற்றமில்லை அம்மா என்றார். “நீங்கதான் டிவியில அவர் பேரைச் சொல்லிட்டீங்களாமே. அவர் கேஸ் போடாம இருக்காரேன்னு நினைச்சுக்கோங்க.”

மதியம் நான் குப்பை வாளியை வெளியே வைக்கப் போனேன். இரண்டு வீட்டுத் தூரம் இருக்கும். அவர் கண்ணாடியை இறக்கினார்.

“அவளுக்கு நீங்க எழுதறீங்கன்னு தெரியும் மேடம். எங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் உங்க தெருவுல எனக்கு என்ன வேலை?”

அவ்வளவுதான். குரலில் ஒரு முள் இல்லை. நான் உள்ளே வந்து கதவைப் பூட்டினேன், நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் என் தலை தெரியாத இடம் அதுதான். நீங்கள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்ததாக எழுதியபோது அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். இப்போதுதான் அந்த வரி புரிகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஆனால் இப்போது பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். க்ளைவ் தினமும் போன் செய்கிறார். வேலைக்கு எப்போது கூப்பிடுவார் என்று அவருக்கும் தெரியவில்லை, முதலாளிகள் தெற்கிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார்களாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் எனக்குத் தெரியாது. தெரியாதது எவ்வளவு நல்லது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்திருந்தால், அந்தக் குப்பை வாளியருகே நின்ற அந்த நொடியில், சொல்லித் தொலைத்திருப்பேனோ என்னவோ. உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் போடச் சொல்கிறேன். பதில் எழுத வேண்டாம். தபால்காரர் என் பெட்டியருகே வரும்போது உங்கள் கணவர் வண்டியிலிருந்து இறங்கி நிற்கிறார்.

வெர்னா


நவம்பர் 24

வெர்னா,

இது தபாலில் வரவில்லை. உன் கதவைத் தட்டி, மளிகைப் பெட்டியின் அடியிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தவர் லூயி. அவரை உள்ளே உட்காரச் சொல். நீ படித்து முடிக்கும்வரை இருப்பார்.

நான் இருப்பது டக் ஏரியில். அக்கரையில். சாலை ஏரிக் கரையோடு முடிந்துவிடும், அதற்குமேல், கரைக்குக் கரை கட்டிய கம்பியில் ஸ்டான் ஓட்டும் படகுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை ராஸை உட்காரவைத்தது அவர்தான். கம்பி அறுந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவன் கண்முன்னாலேயே தூண்டிலைப் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மேபலின் கடை துறையிலிருந்து மேட்டில் ஏறினால் முதல் கட்டடம். போதுமா? இப்போது உனக்குத் தெரியும். சொல்லித் தொலைத்திருப்பேனோ என்று எழுதினாய். சொல்லியிருந்தால் நான் உன்னை வெறுத்திருக்கமாட்டேன். அந்த வண்டியின் ஜன்னல் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும்.

நீ இங்கே வா. லூயியின் லாரியில் ஏறு. ஒளிந்து ஏறாதே, முன்வாசல் வழியாக வந்து முன் இருக்கையில் உட்கார். அவன் பின்னால் வருவான். வரட்டும்.

பைத்தியமா என்று கேட்பாய். நானும் மேபலைக் கேட்டேன். அவள் ஊரில் எல்லாரையும் கடையில் கூட்டி வைத்துப் பேசினாள். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாரே ஒருவர், அவரும் வந்திருந்தார், தொப்பியைக் கசக்கிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமல் நின்றார். மேபல் சொன்னது இவ்வளவுதான்: “அவங்க தனியா ஒரு தெருவுல இருக்காங்க. நாம அம்பது பேரு தண்ணிக்கு இந்தப் பக்கம் இருக்கோம். நம்மகிட்ட கட்டில் இருக்கு, அவன்கிட்ட வண்டி சீட்டுதான். பனி கொட்டட்டும். யாரு முதல்ல எந்திரிச்சுப் போறான்னு பாப்போம்.”

படகில் அன்றைக்கு ஒரு லாரிக்குத்தான் இடம் என்று ஸ்டான் முடிவு செய்துவிட்டார்.

நான் எங்கே இருக்கிறேன் என்பது தெரியாததுதான் அவனை இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தது, என்னையும் அதுதான் சுருட்டி வைத்திருந்தது. இனி அது வேண்டாம். நீங்கள் வரும்போது நான் துறையில் நிற்பேன், பலகை மேல், எல்லாருக்கும் தெரியும்படி. சாலை முடியும் கரையிலிருந்து அவன் என்னைப் பார்ப்பான். பட்டனும் பார்க்கும், குரைக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும். அதற்காகப் படகில் ஏறமாட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அவனிடம் துப்பாக்கி இருக்கிறது. ஸ்டானிடமும் இருக்கிறது, மேபலிடமும். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஆனால் நீ அந்தச் சமையலறைத் தரையில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பதை என்னால் இங்கே மாவு பிசைந்துகொண்டு நினைத்துப்பார்க்க முடியாது.

உன் மேலாளருக்கு லூயி சொல்லிவிட்டார். இன்று மாலை முதல் சேதியாக அவர் வாசிப்பார்: “பச்சைப் பிக்-அப் ஃபென்விக்கிலிருந்து டக் ஏரிக்குப் போகிறது. சாலையோரம் இருப்பவர்கள் விளக்கைப் போட்டு வாசலில் நில்லுங்கள்.” எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரியாது. நிற்காமலும் போகலாம்.

தடித்த கோட்டு எடுத்துக்கொள். மாற்றுத் துணி வேண்டாம், என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும்.

படித்துவிட்டாயா? எழுந்திரு.

டோரீன்